முன்வரிசையில் ஏரியா பிள்ளைகள்... பாரிஸின் கடைசி வட்டாரத்தில் நடந்த அந்த ஃபேஷன் ஷோ!

பாரிஸ் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். நடுவில், லூவ்ர் அருங்காட்சியகம் இருக்கும் இடம் 1-வது வட்டாரம். அங்கிருந்து எண்கள் சுழன்று சுழன்று வெளியே வந்து, கிழக்கு ஓரத்தில் 20-ல் முடியும்.

1980-களில் பாரிஸ் ஃபேஷன் வாரத்துக்கு அந்த நத்தையின் நடுப்பகுதிதான் முகவரி. லூவ்ர் அரண்மனை முற்றத்தில் பெரிய பெரிய கூடாரங்கள் போடுவார்கள். யாருக்கு எந்த நாற்காலி என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். முன்வரிசை கிடைத்தால் கௌரவம். பின்னால் தள்ளினால் மனஸ்தாபம். கல்யாண வீடுகளில் நடப்பதுதான் அங்கேயும்!

1989 அக்டோபரில் ஒருவர் இந்த வழக்கத்தை மாற்றினார். பெயர் மார்ட்டின் மார்ஜீலா. பெல்ஜியம்காரர், வயது 32. ழான் பால் கோத்தியேயிடம் உதவியாளராக இருந்துவிட்டு, ஜென்னி மேரன்ஸ் என்ற பெண்மணியுடன் சேர்ந்து 1988-ல் சொந்த பிராண்ட் தொடங்கியிருந்தார். மூன்றாவது ஷோவுக்கு அவர் பிடித்த இடம், 20-வது வட்டாரத்தில் இருந்த ஒரு பாழடைந்த விளையாட்டு மைதானம்.

அந்த வட்டாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2-ம் எண் மெட்ரோவில் பெல்வில் நிலையத்தில் இறங்கினால், சுற்றுலா போஸ்டர்களில் பார்த்த பாரிஸ் காணாமல் போய்விடும். வட ஆப்பிரிக்காவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் கடைகள், உணவகங்கள். செவ்வாய், வெள்ளி காலைகளில் சாலையின் நடுவே காய்கறிச் சந்தை. மேட்டில் ஏறினால் பெல்வில் பூங்கா. அங்கிருந்து பார்த்தால் ஈஃபில் கோபுரம் தூரத்தில் சின்னதாகத் தெரியும். பணக்கார பாரிஸ் அவ்வளவு தொலைவில் இருக்கிறது.

மார்ஜீலா தேர்ந்தெடுத்த மைதானம் வெறும் காலி இடம் இல்லை. அந்த ஏரியா குழந்தைகள் விளையாடும் இடம். 'ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம், பிள்ளைகளை விரட்டினோம்' என்று முடித்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. உள்ளூர்ப் பள்ளிக் குழந்தைகளிடம் அட்டைகளைக் கொடுத்து, ஃபேஷன் ஷோ என்றால் என்ன தோன்றுகிறதோ அதை வரையச் சொன்னார்கள். அந்த ஓவியங்கள்தான் அழைப்பிதழ்கள்! ஷோ பார்க்கவும் அந்தக் குழந்தைகள் வந்தார்கள்.

அன்று இருக்கை எண்ணே கிடையாது. முதலில் வருபவருக்கு முதல் இடம். பெரிய பெரிய பத்திரிகை ஆசிரியர்கள் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க, முன்னால் போய் உட்கார்ந்தவர்கள் ஏரியா பிள்ளைகள்.

மேடையும் இல்லை. மேடும் பள்ளமுமான மண் தரையில் மாடல்கள் நடந்து வந்தார்கள். சூப்பர் மார்க்கெட் பிளாஸ்டிக் பைகளையே மேலாடையாக்கியிருந்தார் மார்ஜீலா. கொஞ்ச நேரம்தான் குழந்தைகள் சும்மா இருந்தார்கள். பிறகு எழுந்து மாடல்களோடு சேர்ந்து ஓட ஆரம்பித்துவிட்டார்கள். சில மாடல்கள் அவர்களைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

விமர்சகர்கள் சிலருக்கு இது பிடிக்கவே இல்லை. ஆனால், அந்தக் கூட்டத்தில் 21 வயது பெல்ஜிய மாணவர் ஒருவர் கண்ணீரோடு நின்றிருந்தார். அவர் படித்துக்கொண்டிருந்தது தொழிற்துறை வடிவமைப்பு. வடிவமைப்பாளர் வால்டர் வான் பெய்ரன்டாங்கிடம் பயிற்சிக்குச் சேர்ந்து, அவருடன் பாரிஸ் வந்திருந்தார். ஃபேஷன் என்றால் பகட்டு என்ற எண்ணம் அந்த மண் தரையில் உடைந்தது. தானும் ஃபேஷனுக்கே வர வேண்டும் என்று முடிவெடுக்க வைத்தது அந்த ஷோதான் எனப் பல பேட்டிகளில் அவர் சொல்லியிருக்கிறார். அந்த மாணவர், ராஃப் சைமன்ஸ். 1995-ல் சொந்த பிராண்ட், 2012-ல் டியோர், 2020 முதல் பிராடா என்று உயர்ந்தவர்.

பிளாஸ்டிக் பையா அவரை அழவைத்தது? பை ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால், அந்த இடத்தை நினைத்துப் பார்த்தால் வேறொன்றும் புரிகிறது. லூவ்ர் கூடாரத்தில் அதே பை வந்திருந்தால் அது ஒரு குறும்பு, அவ்வளவுதான். அதே மாதிரி பையில் அம்மா காய்கறி வாங்கி வரும் குழந்தைகளின் எதிரே வந்தபோது, அது அவர்கள் வீட்டுப் பொருளாகவே வந்தது. அவர்களும் விருந்தாளிகளாக ஒதுங்கி நிற்காமல், தங்கள் மைதானத்தில் தாங்களே ஓடினார்கள்.

மார்ஜீலா தன் ஆடைகளில் பெயர் போட மாட்டார். வெள்ளைத் துணித் துண்டு, நான்கு மூலையில் நான்கு தையல். அதுதான் அவர் லேபிள். கேமராவுக்கு முகம் காட்டுவதையும் தவிர்த்தார். 2009 வாக்கில் ஃபேஷனிலிருந்தே விலகிவிட்டார். 2018-ல் அவருடைய இருபது ஆண்டுப் படைப்புகளுக்கு பாரிஸின் கலியெரா அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி வைத்தது. அது இருப்பது 16-வது வட்டாரம். வசதியானவர்கள் வாழும் மேற்கு பாரிஸ்.

அழைப்பிதழ் வரைந்த பிள்ளைகளுக்கு இன்று நாற்பது வயது தாண்டியிருக்கும். பாரிஸ் போனால் ஈஃபில் கோபுரம் பார்த்துவிட்டு, ஒரு மாலை பெல்வில் மேட்டிலும் ஏறிப் பாருங்கள். தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகள் வழியில் வந்தால், கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுங்கள். அது அவர்கள் இடம்.