நான் மறித்த வாக்கு

2005 நவம்பர் 17, வியாழக்கிழமை, ஜனாதிபதித் தேர்தல். அன்று ஒரு மனிதரின் முதல் வாக்கை நான் மறித்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கொழும்பு கொச்சிக்கடையில், அந்தோனியார் கோயில் மணி கேட்கும் தூரத்தில், எனக்குப் பலசரக்குக் கடை இருந்தது. அவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து ஆள். மூட்டை இறக்குவார், இரவில் கடையிலேயே படுப்பார். வயது ஐம்பத்தைந்து. அவருடைய தகப்பன் 1947இல் வாக்களித்தவர். 1948இல் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரின் குடியுரிமை போனது, அடுத்த வருஷம் வாக்கும் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று சனத்தைப் பங்கு பிரித்தார்கள். எந்தப் பக்கமும் சேராமல் மிஞ்சியவர்களில் இவரும் ஒருவர். 2003 அக்டோபரில்தான் பாராளுமன்றம் அப்படி எஞ்சியோருக்குக் குடியுரிமை கொடுத்தது. அப்போதைய கணக்கு 168,141 பேர்.

வாக்காளர் அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "மொதலாளி, புதன்கெழம ராவு பஸ் ஏறுனா வெள்ளி காலையில வந்துருவேன்."

"இரவில கடைக்கு ஆள் வேணும் அண்ணே. கலவரம் கிலவரம் வந்தால்? உங்கட ஒரு வோட்டாலயோ வெல்லப்போறாங்கள்?"

மறுபேச்சுப் பேசாமல் அட்டையை உள்ளே வைத்தார்.

1983 கலவரத்தில் இந்தப் பக்கம் கடைகள் எரிந்ததைப் பார்த்தவன் நான், பயம் பொய்யில்லை. ஆனால் தம்பியின் மகனைப் படுக்கச் சொல்லியிருக்கலாம். வாக்களிக்க லீவு கொடுப்பது சட்டம் என்பதும் தெரியும். உண்மை இதுதான்: அவருடைய வாக்கும் என் வாக்கும் ஒரே நிறை என்று என் மனம் ஏற்கவில்லை. அவர் கேட்டது வாக்குரிமை. எனக்கு அது ஊருக்குப் போக ஒரு சாட்டாகப் பட்டது.

வடக்கில் அன்று வாக்களிக்க விடவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் விழுந்தது 1.21 வீதம். சனத்தின் உரிமையைப் பறித்துவிட்டார்கள் என்று அன்றிரவு உறவினரோடு தொலைபேசியில் கொதித்தேன். பக்கத்தில் சாக்கு மடித்துக்கொண்டிருந்தவருக்கு அது முழுக்கக் கேட்டிருக்கும்.

2010 தேர்தல் வருமுன்பே அவர் காலமாகிவிட்டார். இடையில் வந்த தேர்தல்களில் வாக்களித்தாரோ என்று நான் கேட்கவில்லை, கேட்க முகமில்லை.

அந்த வியாழன் காலை வாக்களித்துவிட்டுக் கடைக்கு வந்தேன். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை விட்டுவிட்டு என் விரலையே பார்த்தார்.

"மை வைக்கிறப்ப எரியுமா மொதலாளி?"

"இல்லை" என்றேன்.