குழித்தறிக்கு ஒரு பல்பு போதும்!

காஞ்சிபுரம் போகிறவர்களுக்கு ரெடிமேட் ரூட் ஒன்று உண்டு. காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜர், கோயில் இட்லி, கடைசியில் ஒரு பட்டுப்புடவை. அதோடு பர்ஸ் காலி! பரந்தூர் அந்த லிஸ்ட்டில் கிடையாது.

சென்னையின் இரண்டாவது ஏர்போர்ட்டுக்கு என்று 2022-ல் அறிவித்த இடம் அது. 20 கிராமங்கள், 5,700 ஏக்கருக்கு மேல். வயலும் ஏரியுமான பூமி. நடுவே கம்பன் கால்வாய். ஊரை விட்டு நகரமாட்டோம் என்று ஏகனாபுரத்து ஜனங்கள் அந்த வருஷமே போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் சம்மதம் கொடுத்தது.

சரி, ஏர்போர்ட் கட்டி முடிப்பதற்குள் விமானமே மாறிவிட்டால்?

பேட்டரி விமானம் ஜோக் இல்லை. ஸ்லோவேனியா நாட்டு பிபிஸ்ட்ரல் கம்பெனியின் இரண்டு சீட் விமானத்துக்கு ஐரோப்பா 2020-லேயே சர்ட்டிபிகேட் கொடுத்தாயிற்று. ஒரு சார்ஜுக்கு சுமார் 50 நிமிஷம் பறக்கும். இந்த ஜாதிக் குட்டி விமானங்களுக்குத் தோது பரந்தூர் மாதிரி பிரம்மாண்டம் அல்ல. பக்கத்து வேலூர் மாதிரி சின்ன ரன்வேதான். (அப்துல்லாபுரத்துப் பழைய ரன்வேயை உடான் திட்டத்தில் புதுப்பித்ததே 19 பேர் ஏறும் விமானத்தை நம்பித்தான்.)

சிக்கல் கரண்ட்டில். 19 சீட்டுக்கு 500 யூனிட் பேட்டரி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு மாசத்துக்கு 500 தாண்டினாலே நம் வீட்டில் யுத்தம்! விமானம் அதை அரை மணியில் குடித்தாக வேண்டும். அடுத்த டிரிப் இருக்கே. அதாவது 1,000 கிலோவாட். பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். குழித்தறிக்குள் காலைத் தொங்கப்போட்டபடி சிரித்தார். "நமக்கு ஒரு பல்பு போதும் சார். மிச்சமெல்லாம் கையும் காலும்தான்!"

சின்ன ஏர்போர்ட்டுக்கு அப்படி முடியாது. தனி சப்-ஸ்டேஷன், மண்ணுக்கடியில் கேபிள், மத்தியான வெயிலைப் பிடித்து வைக்க ஒரு பேட்டரிக் கொட்டகை. ரன்வே போடும்போதே காலிக் குழாயாவது புதைத்துவிட்டால், போட்ட தாரைத் தோண்டும் நம் தேசியப் பழக்கத்துக்கு வேலையில்லை.

ஹைட்ரஜன் இன்னும் படுத்தும். திரவமாக வைக்க மைனஸ் 253 டிகிரி. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ எடுக்க 50 யூனிட் சுமாருக்கு கரண்ட், குறைந்தது 9 லிட்டர் சுத்தத் தண்ணீர். ஏரியைத் தூர்த்துவிட்டு அதை எங்கே தேடுவதாம்? நிலம் கேட்கிறவர்கள் இந்தக் கணக்கையும் ஜனங்களிடம் சொல்லிவிட்டுக் கேட்பது நியாயம்.

அவசரம் ஒன்றுமில்லை. ஹைட்ரஜன் விமானம் 2035-ல் என்று சொல்லிக்கொண்டிருந்த ஏர்பஸ்ஸே 2025-ல் தேதியைத் தள்ளிப்போட்டது. 2015-ல் முழு சோலாருக்கு மாறிய கொச்சி ஏர்போர்ட், 2024-ல் ஹைட்ரஜன் ஆலைக்கும் கையெழுத்துப் போட்டது. முதலில் தரையில் ஓடும் வண்டிகளுக்குத்தானாம்!