கரை சேரும் நாள்

சொகுசுக் கப்பலின் கடைசி இரவில் நடைபாதை முழுக்கப் பெட்டிகள். மாலையே அறைக்கு அறை வண்ண அட்டைகள் வந்துவிடும். அதைப் பெட்டியில் கட்டி வாசலில் வைத்துவிட்டால், காலையில் துறைமுகக் கூடத்தில் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் போட வேண்டிய சட்டையையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு விழிப்பவர்கள் பெரும்பாலும் முதல்முறைப் பயணிகள். கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியாக இருக்கும் அட்டைதான் பணமும். பயணம் முழுக்கச் சிரித்தபடி நீட்டிய அந்த அட்டை, கடைசி நாளில் கணக்குச் சீட்டாகத் திரும்பி வருகிறது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் வாழும் பெங்களூர்க்காரருக்கு இது கூடுதல் கவர்ச்சி. சிட்டி ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ரயில் சத்தம் பழகியது. கப்பலின் சங்கொலியைக் கேட்கச் சென்னைக்குப் போயாக வேண்டும். 2022 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்த கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் அந்த வாய்ப்பைத் தந்தது. 1990இல் பிரான்ஸில் கட்டப்பட்ட, பதினொரு தளங்கள் கொண்ட கப்பல். 2023 ஜூனில் அது சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை.

அந்த மூன்றாவது பெயர் தமிழ்ப் பயணியைச் சற்று நிறுத்திவைக்கும். 1990இல் போர் மூண்டபோது காங்கேசன்துறையை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஊர் உயர்பாதுகாப்பு வலயமானது. பேர்பெற்ற சிமெண்ட் ஆலை மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பிறகு, துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல்களை இந்திய உதவியுடன் அகற்றினார்கள். நிலங்கள் தவணை தவணையாக விடுவிக்கப்பட்டன. முழுவதும் இன்னும் விடுவிக்கப்படவில்லை. சுற்றுலாப் பயணி காலையில் இறங்கி, சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள நல்லூர்க் கந்தசாமி கோயிலையும், 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த யாழ்ப்பாண நூலகத்தையும் பார்த்துவிட்டு மாலையில் கப்பலுக்குத் திரும்பிவிடலாம். பக்கத்திலேயே, சொந்த வீட்டுக்குத் திரும்ப முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

மறுநாள் விடியலில் சென்னை. துறைமுக வழிகாட்டி மாலுமி ஏறிக்கொள்கிறார். இழுவைப் படகுகள் கப்பலை அணைத்து உள்ளே கொண்டுவருகின்றன. இதே துறைமுகத்திலிருந்து 1926 முதல் 'ரஜூலா' கப்பல் நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனார்கள் ஆயிரக்கணக்கானோர். எழுபதுகளில் 'சிதம்பரம்' கப்பல் அந்த வழித்தடத்துக்கு வந்தது. எண்பதுகளில் அது தீப்பிடித்ததோடு அந்தக் காலமும் முடிந்தது. அன்று கரை சேரும் நாள் என்றால் டிரங்குப் பெட்டி, சுங்கச் சோதனை, வரவேற்க வந்த உறவினர் கூட்டம். இன்று சக்கரம் வைத்த பெட்டி, செல்பேசிக்கு வந்து குவியும் குறுஞ்செய்திகள்.

வெளிநாட்டுத் துறைக்குப் போய்வந்தால் குடியேற்றச் சோதனையும் சுங்கமும் உண்டு. இறங்குவதும் அட்டை வரிசைப்படிதான். ஆகவே பகல் விமானத்துக்குச் சீட்டு எடுப்பது வீண் பதற்றம். மாலை விமானம் என்றால் துறைமுகத்துக்கு வெளியே ஒரு பழைய நகரமே காத்திருக்கிறது. 1892இல் கட்டி முடிந்த உயர் நீதிமன்றம், அதன் கோபுரத்தின் மேலேயே ஒரு காலத்தில் எரிந்த கலங்கரை விளக்கு, அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மேனியர் கோயில், சில அடி தள்ளிக் கச்சாலீஸ்வரர் கோயில். எல்லாம் நடை தூரம். பிறகு உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் ஏறினால் மாறாமல் விமான நிலையத்தில் இறங்கலாம்.

பெங்களூருக்கு வானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். விமான நிலையத்திலிருந்து ஒக்கலிபுரத்துக்குச் சுமார் 35 கி.மீ.; நெரிசல் மிகுந்த மாலையில் அதற்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும். விவரமானவர்கள் சென்ட்ரலிலேயே ரயில் ஏறிவிடுகிறார்கள். அது கிட்டத்தட்ட வீட்டு வாசலில் இறக்கிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஓரிரு நாள் தரை லேசாக ஆடுவதுபோலத் தோன்றும். அலைக்குப் பழகிய உடம்பு நிலத்துக்குப் பழக எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது. மருந்து வேண்டாம், தானே சரியாகிவிடும். திரும்பி வர ஒரு வீடு இருந்து, அதன் சாவியும் கையில் இருப்பவர்களுக்கு மட்டும் வாய்க்கும் சின்னத் தலைசுற்றல்.