மாட்டிக்கொண்ட ராடு

"காத்து வருதா? சுத்துதா? அசையுதா?"

போனில் மேஸ்திரி கேட்டது இந்த மூன்று கேள்விகள்தான். மறுமுனையில் ரிக் ஆபரேட்டர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. பேசி முடித்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பட்டறை மூலையில் சாக்கு மூடிக் கிடந்த இரும்பைப் பார்த்தார். "கிளம்பலாங்களா தம்பி? காங்கேயத்துக்கு அந்தாண்டை. ராத்திரி பூராவும் ஆகும், பரவாயில்லீங்களா?"

திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டை ஒட்டிய அந்தப் பட்டறைக்கு நான் போனதே அந்தச் சாக்குக்குள் இருந்ததைப் பார்க்கத்தான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்கு இந்த ஊர் தாய்வீடு. இங்கிருந்து கிளம்பும் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் பாறை துளைக்கின்றன. துளைப்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். துளைத்த குழியில் ராடு, அதாவது துளைக்கும் குழாய், சிக்கிக்கொண்டால் அதை வெளியே எடுப்பவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

சாக்கை விலக்கினார். அவர்கள் அதைக் 'கிளாம்பு' என்கிறார்கள். பார்வைக்கு ஆட்டுரல் போல இருக்கிறது. கனமான இரும்பு வளையம், உள்ளே மேல்பக்கம் அகன்று கீழே குறுகிப் போகும் சரிவு. அந்தச் சரிவில் உட்கார மூன்று ஆப்புகள், கீல் வைத்து ஒன்றோடொன்று கோத்தவை. ஆப்பின் வெளிமுதுகு வழவழவென்று இருக்கிறது. உட்பக்கம் மட்டும் வரிவரியாகப் பல். ஒரு பல்லின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தேன், வழுக்கியது. கீழிருந்து மேலே கொண்டுபோனபோது தோலைப் பிடித்தது. பல்லின் முனை அரத்தின் முனை போலக் கீழ்நோக்கியே சாய்ந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டு ஆப்பைத் திருப்பிப் போட்டார். "தலைகீழா வெச்சிருக்கேன் தம்பி. இப்பப் பாருங்க." இப்போது பல் மேலே பார்த்து நின்றது. ராடு கீழே நழுவப் பார்க்கும்போது அதைக் கடித்து நிறுத்துவது இந்தப் பல்.

இதன் சூட்சுமம் எளியது. நடுவில் ராடு, சுற்றி ஆப்பு, அதற்கு வெளியே வளையம். வளையத்தின் இரு காதுகளுக்கும் அடியில் காதுக்கொன்றாக இரண்டு ஹைட்ராலிக் ஜாக்கி. ஜாக்கி வளையத்தைத் தூக்கத் தூக்க, சரிவு ஆப்புகளை உள்ளே நெருக்கும். ராடு வரமாட்டேன் என்று எவ்வளவு அடம்பிடிக்கிறதோ அவ்வளவு இறுக்கமாகப் பிடி விழும். போல்ட்டு முறுக்கி இறுக்கும் கிளாம்பில் இது கிடையாது. அதில் நாம் கொடுத்த பிடி அவ்வளவுதான், அதற்கு மேல் இழுத்தால் வழுக்கும்.

மினி லாரியில் போகும்போதுதான் அவருடைய வலது கையைக் கவனித்தேன். மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிக்கு மேல் இல்லை. அவரே சொன்னார். இளம் வயதில் ஓர் இடத்தில் அவசரத்துக்குச் செய்துகொடுத்த ஓர் ஆப்பால் வந்த வினை அது. பல் தேயக்கூடாது என்று மொத்த இரும்பையும் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிவிட்டார்கள். "இரும்பு முழுசும் கடினமாயிட்டா அது இரும்பில்லீங்க, கண்ணாடி. ஜாக்கி ஏறுறப்ப பட்டுனு போச்சு. ஒரு துண்டு என் கையில, ஒரு துண்டு லாரிக் கதவுல." இப்போது அவர் ஈ.என். 353 என்ற உருக்கில்தான் ஆப்பு செய்கிறார். மேல்தோலுக்கு மட்டும் கார்பன் ஏற்றிக் கடினமாக்குவது. உள்ளே சதை இளக்கமாகவே இருக்கும். பல் கடிக்கும், உடம்பு உடையாது. எல்லாப் பட்டறையும் இப்படிச் செய்வதில்லை என்பதை நான் சொல்லியே ஆகவேண்டும். விலை பாதிக்குப் பாதி குறைவு என்று வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

வெள்ளகோவிலுக்குச் சற்று முன்னால் ரோட்டை விட்டு இறங்கினோம். கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம், நடுவே வெள்வேல மரங்கள், அதற்குள் விளக்கு வெளிச்சத்தில் ரிக். பக்கத்து லாரியில் கம்ப்ரசர். மண்ணெல்லாம் பாறைத் தூள், வெள்ளைச் சாம்பல் கொட்டியது போல. காட்டுக்காரரும் அவருடைய அம்மாவும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆத்தா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, "சாமி, குழி போயிருமா?" என்றார். இதே காட்டில் ஏற்கெனவே இரண்டு குழிகள் வறண்டு போயிருந்தன. இதில் 700 அடியில் ஈரம் கண்டிருந்தது.

"போகாதுங்க ஆத்தா. நீங்க போய்ப் படுங்க. வெளிச்சம் வர்றதுக்குள்ள சொல்றேன்."

கணக்கைச் சொல்கிறேன். குழியின் விட்டம் ஆறரை அங்குலம். ராடின் விட்டம் நாலரை அங்குலம். ஆக ராடுக்கும் பாறைச் சுவருக்கும் நடுவே எந்தப் பக்கமும் ஓர் அங்குல இடைவெளிதான். அடியில் ஹேமர் அடித்து நொறுக்கும் தூள் முழுவதும், கம்ப்ரசர் காற்றின் வேகத்தில், இந்த ஓர் அங்குலச் சந்து வழியாகத்தான் மேலே வந்தாக வேண்டும். வழியில் பாறை வெடிப்பு இருந்து அதிலிருந்து எலுமிச்சை அளவு கல் ஒன்று பெயர்ந்து விழுந்தால் போதும். 20 அடி ராடுகள் 39, அவற்றின் அடியில் ஹேமர், பாறையைக் கடிக்கும் பிட், எல்லாம் அப்படியே நின்றுபோகும். ஈரப்பாறையில் இன்னொரு வினை உண்டு: தூள் நனைந்து சுவரில் வளையமாக அப்பிக் காயும். சில நேரம் குழிவாயில் இறக்கிய கேசிங் குழாய்க்குக் கீழே மண் சரியும். கம்ப்ரசரை அணைத்துவிட்டு ராடை அடியிலேயே விட்டு டீ குடிக்கப் போனாலும், மேலே மிதந்த தூளெல்லாம் இறங்கி ஹேமரின் தலையில் உட்கார்ந்துகொள்ளும்.

அதற்காகத்தான் போனில் கேட்ட அந்த மூன்று கேள்வி. காற்று வராமல், சுற்றாமல் இருந்தால் சேறு அடைத்திருக்கிறது. காற்று வந்து, சுற்ற மட்டும் மறுத்தால் கல். இங்கே காற்று வந்துகொண்டிருந்தது.

ஆபரேட்டருக்கு முப்பது வயதிருக்கும். முகம் செத்துப் போயிருந்தது. "அண்ணா, ரிவர்ஸ்ல மட்டும் நான் சுத்தவே இல்லை" என்றார் முதல் வார்த்தையாக. மேஸ்திரி அவர் தோளைத் தட்டினார். ராடுகளின் மரை எல்லாம் வலமரை. பதற்றத்தில் இடப்பக்கம் சுற்றிவிட்டால் ஏதாவது ஓர் இணைப்பு கழன்று, கீழ்ப்பாதி மொத்தமும் குழிக்குள் போய்விடும். அந்த இளைஞர் பதற்றத்திலும் அதைச் செய்யவில்லை.

அடுத்த ஒன்றரை மணி நேரம் கிளாம்பை யாரும் தொடவில்லை. ஹெல்ப்பர்கள் நான்கு பேர், சத்தீஸ்கரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பையன்கள், குழிவாயைச் சுற்றி மண்ணை வெட்டிச் சமப்படுத்தினார்கள். அதன்மேல் ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகள், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு. அதற்கு மேல் கனத்த இரும்புத் தகடு. மட்டக்கோல் வைத்துப் பார்த்து, ஒரு பக்கம் அரை விரல் சாய்வு என்று மேஸ்திரி மறுபடி எடுக்கச் சொன்னார். எனக்கு இது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றியது. நின்று பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது: ஜாக்கி 40 டன் மேலே இழுத்தால், அதே 40 டன்னை மண்ணில் அமுக்கவும் செய்யும். குழிவாயில் இருப்பதோ பி.வி.சி. கேசிங். பாரம் அதன்மேல் இறங்கினால் நொறுங்கும். ஒரு ஜாக்கி மண்ணில் புதைந்தால் கிளாம்பு கோணும், ஆப்பு ஒரு பக்கமாகக் கடிக்கும், ராடு நசுங்கும்.

பிறகுதான் கிளாம்பு ஏறியது. ராடின் நடுவில் போடவில்லை. குழாயின் சுவர் தடித்திருக்கும் இணைப்பை ஒட்டிப் போட்டார். ஆப்பின் பல் ராடில் தழும்பு போடும், அந்தத் தழும்பிலிருந்து பின்னால் விரிசல் ஓடும், ஆகவே தடித்த இடம்தான் தாங்கும் என்றார். ஆப்பின் முதுகில் கிரீஸ் தடவி, பல்லைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு பிசிறு தூள் இல்லாமல் துடைத்து உட்கார வைத்தார். மூன்றும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துச் சுற்றி வந்து பார்த்தார். தகட்டின் மேல் இன்னொரு சிறிய கிளாம்பும் இருந்தது. ஜாக்கியின் ஏற்றம் ஆறு அங்குலம்தான். ஒவ்வொரு முறை அது இறங்கி மறுபடி பிடிப்பதற்குள் ராடைத் தாங்கி நிற்க அந்தக் கீழ்க்கிளாம்பு.

கடைசியாகச் சங்கிலி. மேல் வளையத்தையும் ஆப்புகளையும் ரிக்கின் மாஸ்டோடு சேர்த்துக் கட்டினார். ராடு அறுந்தால் கிளாம்பு பறக்கும். பறக்காமல் பிடிக்க இது. "எல்லாரும் பத்தடி தள்ளிப் போங்க. நீங்களும்தாங்க தம்பி." ஜாக்கியின் பம்பு நீண்ட ஓஸில் தள்ளி இருந்தது. அதன் கைப்பிடியில் அவர்.

இனிமேல் நடந்ததைப் பார்க்கத்தான் நான் அத்தனை தூரம் போனேன் என்று சொல்லலாம். மீட்டர் 10 டன் காட்டியதும் நிறுத்தி, தகட்டின் மட்டத்துக்கு ராடில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மெல்ல 30 டன்னுக்கு ஏற்றினார். கோடு மேலே ஏறியது. கிளம்பிவிட்டது என்று பையன்கள் கத்தினார்கள். அவர் தலையாட்டி மறுத்து, மீட்டரை 10-க்கு இறக்கினார். கோடு பழைய இடத்துக்கே வந்து நின்றது. ராடு வரவில்லை, ரப்பரைப் போல நீண்டு சுருங்கியிருக்கிறது. மறுபடி 30-க்கு ஏற்றி, எவ்வளவு நீண்டது என்று டேப் வைத்து அளந்தார்: இரண்டேகால் அங்குலம்.

"நானூறு அடியிலதான் பிடிச்சிருக்கு" என்றார்.

பிட் இருந்தது 780 அடியில். எல்லோரும் பிட் தான் மாட்டியிருக்கிறது என்று நினைத்திருந்தார்கள். உருக்குக் குழாயை ஒரே விசையில் இழுத்தால், எத்தனை நீளம் சும்மா தொங்குகிறதோ அதற்கேற்ப அது நீளும். இதற்கு அடிப்படை ராபர்ட் ஹூக் 1678-இல் அச்சிட்டுச் சொன்ன விதி. 780 அடியும் சும்மா இருந்தால் நாலேகால் அங்குலத்துக்கு மேல் நீண்டிருக்க வேண்டும், பாதிதான் நீண்டது. நான் வீட்டுக்கு வந்தபின் நோட்டில் போட்டுப் பார்த்தேன், கணக்குச் சரியாக வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவருக்கு ஹூக்கின் பெயர் தெரியாது. எத்தனையோ ராத்திரி சாக்பீஸ் கோடு போட்டுத் தானாகக் கண்டுகொண்டது அது. ஆபரேட்டர் தன் நோட்டைப் புரட்டி, 395 அடியில் வெடிப்பு வந்ததாக எழுதியிருந்ததைக் காட்டினார். மேஸ்திரியின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

அதன்பிறகு பலத்தைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கூட்டவில்லை. 25 டன்னில் வைத்துக் காத்திருப்பது, விடுவது, ரிக் தலையை வலப்பக்கம் கொஞ்சம் முறுக்குவது, சற்றே கீழே அழுத்துவது, குழிக்குள் சோப்புத் தண்ணீர் ஊற்றுவது, மறுபடி 25. மேலே இழுத்தால் இன்னும் இறுகும் கல் கீழே அழுத்தினால் நெகிழலாம். இரண்டு ஜாக்கிக்கும் சேர்த்து 100 டன் பலம் இருந்தது. அதை முழுதாகக் கொடுத்தால் கல்லுக்கு முன்னால் ராடு அறுந்துவிடும். காட்டுக்காரர் இரண்டு முறை வந்து, "இன்னுங் கொஞ்சம் ஏத்திப் பாருங்களேன்" என்றார். அவர் கவலை அவருக்கு. "அவசரமுன்னா நான் கிளம்பறேனுங்க" என்று மட்டும் மேஸ்திரி பதில் சொன்னார்.

இரண்டு மணி சுமாருக்குக் காலடியில் டொக்கென்று ஒரு சத்தம். மீட்டர் முள் சடாரென்று விழுந்தது. கோடு மேலேயே நின்றது, திரும்பவில்லை. ஒருவரும் கத்தவில்லை. ஆபரேட்டர் ஓடிப்போய்க் காற்றைத் திறந்தார். குழியிலிருந்து நுரையும், அதோடு உடைந்த கல் சில்லுகளும் எகிறி வந்து தகட்டில் விழுந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது, ராடு உரசிய பக்கம்.

நம் பக்கத்துப் பாறை நாட்டில் இந்தக் காற்றுத் துளைப்பு வந்த கதை ஒரு பஞ்சத்திலிருந்து தொடங்குகிறது. 1966-67 வறட்சியில் பிகார் தவித்தபோது, கடும்பாறையை வேகமாகத் துளைக்கும் ரிக்குகளை யுனிசெப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் கடப்பாரையும் வெடிமருந்துமாகக் கிணறு வெட்டிய கொங்கு மண்ணில் இன்று ஆயிரம் அடி சர்வசாதாரணம். ஆழம் கூடக்கூட ராடு மாட்டும் வாய்ப்பும் கூடுகிறது. கிளாம்பு செய்கிறவர்களுக்கு வேலை அதிகம் என்று இதை மகிழ்ச்சியாகச் சொல்ல மேஸ்திரிக்கே மனம் வரவில்லை.

39 ராடும் வெளியே வந்தபோது நாலரை மணி. ஆத்தா படுக்கவே இல்லை போலிருக்கிறது. பித்தளைத் தூக்கில் காப்பி கொண்டுவந்து முதல் தம்ளரை ஜார்க்கண்ட் பையன் கையில் கொடுத்தார். மேஸ்திரி காப்பியைத் தொடாமல், விளக்கடியில் உட்கார்ந்து ஆப்புகளைப் பல் பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் இரண்டு பல் முனை மழுங்கியிருந்தது. அதைத் தனியாக எடுத்துச் சிவப்புப் பெயின்ட் அடித்து, இனி யாரும் எடுக்காதபடி வேறு சாக்கில் போட்டார்.

உங்கள் காட்டிலும் ஒருநாள் ராடு மாட்டலாம். அன்றைக்கு வருகிற மேஸ்திரியை அவசரப்படுத்தாதீர்கள். கிளாம்புக்குச் சங்கிலி கட்டியிருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். கட்டாமல் ஜாக்கி ஏற்றினால் நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பத்தடிக்குள் உங்கள் வீட்டுப் பிள்ளையும் நிற்க வேண்டாம், ஊர்விட்டு வந்த பிள்ளையும் நிற்க வேண்டாம்.