கணக்கில் சேராத செலவுகள்

சில வாரங்களுக்கு முன்னர் இளம் செய்தியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். காலநிலை மாற்றம் பற்றிய கருத்தரங்கொன்றுக்குச் சென்று திரும்பியிருந்தார். கையில் கட்டுக்கட்டாக அறிக்கைகள். செய்தியை எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சேர், உலக உமிழ்வில எங்கட பங்கு ஆயிரத்தில ஒண்டும் வராது. நாங்கள் குறைச்சால் என்ன, குறைக்காட்டி என்ன? இதில சனத்துக்கு என்ன செய்தி இருக்கு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். இலங்கையர் ஒருவர் ஓராண்டில் வெளியேற்றும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். உலக சராசரி அதைப்போல நான்கு மடங்குக்கும் அதிகம். நாளைக் காலையே நாம் எல்லா வாகனங்களையும் மின் நிலையங்களையும் நிறுத்தினாலும் இமயத்தின் பனி உருகுவது நிற்கப்போவதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி எனது பழைய தவறொன்றை ஞாபகப்படுத்திவிட்டது. அதைச் சொல்லாமல் அவருக்குப் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது. இங்கும் அதையே எழுதுகிறேன்.

2011ஆம் ஆண்டு. சம்பூரில் 500 மெகாவாட் அனல் மின் நிலையம் அமைப்பதற்காக இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் கூட்டு நிறுவனம் ஒன்றை உருவாக்கின. புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் முதலாவது நிலக்கரி அலகு இயங்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். சம்பூர் பற்றி நானும் ஒரு கட்டுரை எழுதினேன். நாட்டின் மின் தேவை இவ்வளவு வேகமாக வளர்கிறது, டீசலைவிட நிலக்கரி இவ்வளவு மலிவு, ஆகவே இதுவே மிகக் குறைந்த செலவிலான வழி! எண்கள் எல்லாம் சரியானவை. தலைப்பும் நன்றாகவே அமைந்தது.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று நான் கேட்கவில்லை. கலைப்பட்டதாரியான எனக்குக் கணினியின் கணக்கு என்றால் ஒரு பயபக்தி இருந்தது. பின்னாளில்தான் பொறியியலாளரான நண்பர் ஒருவரிடம் சென்று, ஒரு முழு மாலைப்பொழுது அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். மின்சார சபை அக்காலத்தில் பயன்படுத்திய கணினி முறையின் பெயர் 'வாஸ்ப்'. வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகவரகம் நாடுகளுக்கு வழங்கி வந்த முறை அது. எதிர்கால மின் தேவை, ஒவ்வொரு வகை நிலையத்தையும் கட்டுவதற்கான செலவு, எரிபொருள் விலை ஆகியவற்றை அதற்குக் கொடுக்க வேண்டும். அடுத்த இருபது ஆண்டுகளில் எந்த ஆண்டில் எந்த நிலையத்தைக் கட்டினால் மொத்தச் செலவு மிகக் குறையும் என்று அது சொல்லும். எரிபொருள் விலை கூடினால் என்ன, நிலக்கரியைத் தவிர்த்தால் என்ன என்று மாற்றி மாற்றிக் கேட்டு வெவ்வேறு எதிர்காலப் பாதைகளை வரைந்து பார்க்கலாம். ஒவ்வொரு பாதையிலும் எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியேறும் என்பதையும் கணிக்கலாம். நாடுகள் உலக மாநாடுகளில் முன்வைக்கும் உமிழ்வுக் கணிப்புகளும் இதையொத்த முறைகளிலிருந்தே பிறக்கின்றன.

கணினி பொய் சொல்வதில்லை. ஆனால் கொடுக்காத எதையும் அது கணக்கில் எடுப்பதுமில்லை.

இதைப் பொறியியலாளருக்கு முன்பே எனக்குச் சொன்னவர், கிளிவெட்டியில் இடம்பெயர்ந்தோர் முகாமில் நான் சந்தித்த ஒரு வயதான அம்மா. சம்பூர் மக்கள் 2006 ஏப்ரலில் ஊரைவிட்டு ஓடியவர்கள். ஐந்து ஆண்டுகள் கழிந்தும் அவர் தகரக் கொட்டிலில்தான் இருந்தார். யாரோ எனது கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். "மகன், கரண்டு மலிவா வருமெண்டு எழுதியிருக்கிறீங்களாம். எங்கட வளவுக்கும் வயலுக்கும் என்ன கணக்குப் போட்டிருக்கிறாங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளும் ஆவலில் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

உண்மையில் என்ன கணக்கு? நிலக்கரி எரியும்போது கந்தகவீரொட்சைட்டும், 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய துகள்களும் வெளிவருகின்றன. அத்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று குருதியிலும் கலக்கக்கூடியவை. நோயாளியின் மருந்துச் செலவு மின் கட்டணப் பட்டியலில் வராது. மின் நிலையத்தின் வெந்நீர் கொட்டியாரக் குடாவில் கலந்தால் மீனவருக்கு ஏற்படும் இழப்பும் வராது. வந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எதிர்காலச் செலவை இன்றைய மதிப்புக்கு மாற்றும்போது பத்து வீதக் கழிவு வீதத்தைப் பயன்படுத்தினால், இருபது ஆண்டுகளின் பின் ஏற்படும் 100 ரூபா இழப்பு இன்று ஏறத்தாழ 15 ரூபாவாகச் சுருங்கிவிடும். இன்று பிறக்கும் குழந்தை இருபது வயதில் இளைப்பு நோயால் படும் துன்பத்தின் பெறுமதி அவ்வளவுதான்!

சம்பூர்த் திட்டம் நிறைவேறவில்லை. சுற்றாடல் அமைப்பொன்று தொடர்ந்த வழக்கில், 2016 செப்டெம்பரில், அனல் மின் நிலையம் அங்கு அமைக்கப்படமாட்டாது என அரசு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அடுத்த ஆண்டு இன்னுமொரு திருப்பம். புதிய நிலக்கரி நிலையங்களை உள்ளடக்கியிருந்த மின்சார சபையின் அடிப்படைத் திட்டத்தைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு ஏற்காமல், நிலக்கரி அற்ற மாற்றுத் திட்டத்துக்கு 2017 ஜூலையில் அனுமதி வழங்கியது. சுற்றாடலுக்கும் சுகாதாரத்துக்கும் ஏற்படும் புறச்செலவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது ஆணைக்குழுவின் வாதம். செலவு கூடிவிடும் என்று பொறியியலாளர்கள் எதிர்த்தனர். இழுபறி அடுத்த ஆண்டும் நீடித்தது. அதே நாடு, அதே மின் தேவை. எதைச் செலவு என்று எழுதுவது என்பதில் ஏற்பட்ட மாற்றத்தால் விடையும் மாறியது.

நுரைச்சோலையின் 900 மெகாவாட் இல்லாதிருந்தால் டீசலுக்கு இன்னும் அதிகம் கொட்டியிருப்போம் என்பதையும் மறைக்கக்கூடாது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அந்நிலையம் தருகிறது. ஆனால் மலிவு என்ற சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 2022 காட்டியது. நிலக்கரியும் எண்ணெயும் டொலரில் வருபவை. டொலர் தீர்ந்தபோது, அவ்வாண்டு மார்ச் இறுதியில், நாளொன்றுக்கு 13 மணிநேரம் இருளில் இருந்தோம். காற்றுக்கும் வெயிலுக்கும் கடன்பத்திரம் திறக்க வேண்டியதில்லை. இதுவும் பழைய கணக்குகளில் போதிய இடம் பெறாத ஒரு பயன்தான்.

இவற்றையே அறிஞர்கள் இணைப் பயன்கள் என்கிறார்கள். அனில் மார்க்கண்டியாவும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று, பாரிஸ் உடன்படிக்கையின் இலக்குகளை அடைவதற்கான செலவையும், காற்று தூய்மையாவதால் காப்பாற்றப்படும் உயிர்களின் பெறுமதியையும் ஒப்பிட்டது. உலக அளவில் பின்னது முன்னதைப்போல 1.4 முதல் 2.45 மடங்கு எனக் கண்டது. வெப்பம் குறைவதால் வரும் நன்மையைச் சேர்க்காமலே இந்தக் கணக்கு!

யார் இருந்து கணக்குப் போடுகிறார்கள் என்பதும் முக்கியம். தென்னாபிரிக்கா 2005 முதல் 2007 வரை தனது நீண்டகால உமிழ்வுப் பாதைகளை வரைந்தபோது, கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் அரச அதிகாரிகள், வணிகத் துறையினர், தொழிற்சங்கத்தினர், பொது அமைப்பினர் ஆகியோரும் அமர்ந்தனர். தடையற்ற வளர்ச்சிப் பாதையில் 2050இல் உமிழ்வு ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்று தெரிந்தது. 2008இல் அந்நாட்டு அமைச்சரவை, உமிழ்வு உச்சத்தைத் தொட்டு, சமநிலையடைந்து, பின் குறையும் பாதையைத் தெரிவு செய்தது. அதன் பிறகும் அங்கு பிரமாண்டமான நிலக்கரி நிலையங்கள் எழுந்தன என்பது வேறு கதை. கணக்கு வழியைக் காட்டும். நடப்பது அரசியலின் பொறுப்பு.

நாமும் 2021 ஜூலையில் வாக்குறுதி கொடுத்தோம். 2030இல் உமிழ்வை 14.5 வீதம் குறைப்போம். அதில் 4 வீதம் சொந்த முயற்சியில், 10.5 வீதம் வெளியுதவி கிடைத்தால். மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து. புதிதாக நிலக்கரி நிலையம் இல்லை. 2025 ஏப்ரலில், அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தை இந்தியப் பிரதமரும் நமது ஜனாதிபதியும் கொழும்பிலிருந்தே தொடக்கிவைத்தனர்.

மகிழ்ச்சிதான். ஆனால் அதே ஆண்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் இறங்கினார்கள். காபனைக் குறைக்கும் திட்டம் என்பதற்காக, நிலத்தைப் பற்றியும் வலசை வரும் பறவைகளைப் பற்றியும் கேட்பவர்களின் வாயை அடைத்துவிட முடியாது. பச்சைத் திட்டத்தின் கணக்கிலும் விடுபட்டவை இருக்கலாம். கிளிவெட்டியில் அந்த அம்மா கேட்ட கேள்வி சூரியத் தகடுகளுக்கும் பொருந்தும்.

மறுநாள் இளம் நண்பரை அழைத்து இவ்வளவையும் சொன்னேன். நாம் குறைப்பதால் உலகின் வெப்பம் குறையாதிருக்கலாம். ஆனால் புகை குறைந்தால் பயன் பெறுவது நமது பிள்ளைகளின் நுரையீரல். மிச்சமாகும் டொலர் நமது டொலர். அதுதான் சனத்துக்கான செய்தி. எந்தத் திட்டத்தைப் படித்தாலும் செலவில் எதைச் சேர்க்கவில்லை என்று முதலில் தேடுங்கள், பிறகு அந்த இடத்துக்குப் போய் அங்குள்ளவர்களைக் கேளுங்கள் என்றேன். 2011இல் நான் அதைத் தலைகீழாகவும் செய்யவில்லை, செய்யவே இல்லை.

நேற்று அவர் திரும்பவும் அழைத்தார். ஓர் அறிக்கையின் பின்னிணைப்பில், சுகாதாரச் செலவுகள் சேர்க்கப்படவில்லை என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறதாம். "இதை யாரிட்ட கேக்கிறது சேர்?" என்றார்.