வானூர்தியும் வானொலியும்

பயணத்துக்கு ஆயத்தஞ் செய்தல் என்றதும் பெட்டி கட்டுதலும் விடைபெறுதலுமே பலர் மனத்தில் தோன்றும். போகின்றவன் ஆயத்தஞ் செய்கின்றான். வீட்டிலிருப்பவள் வழியனுப்பி வைக்கின்றாள் என்பது பழகிப்போன எண்ணம். ஆயினும் சில பணிகளுக்குப் போகின்றவர் ஒருவரேயாயினும், ஆயத்தமாக வேண்டியது ஒரு குடும்பம் முழுவதுமாகும். பாதையற்ற காடுகளிலே கிறித்தவ ஊழியஞ் செய்வோருக்காக விமானமோட்டும் தொழில் அத்தகையது. 1948 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டுக்குச் சென்ற நேட் செயின்ட், மார்ஜரி என்னும் இளந் தம்பதியரின் வாழ்க்கை, அவ்வாயத்தத்தின் பெருமையையும் அதன் எல்லையையும் ஒருங்கே உணர்த்துவதாகும்.

இரண்டாம் உலகப் போர் அழிவுக்குப் பயன்படுத்திய விமானத்தை ஆக்கத்துக்குப் பயன்படுத்தலாகாதா என்ற வினா, போரில் ஈடுபட்ட கிறித்தவ விமானிகள் சிலரின் உள்ளத்தில் எழுந்தது. அதன் விளைவாக 1945 இல் அமெரிக்காவில் ஓர் அமைப்பு உருவாயிற்று. இன்று மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் என உலகறிந்த நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. 1946 பெப்ரவரியில் அதன் முதற் பணிப் பயணத்தை மேற்கொண்டவர் பெற்றி கிரீன் என்னும் பெண் விமானி. மெக்சிக்கோவின் காட்டுப் பகுதியில் இயங்கிய அந்த ஒற்றை விமானம் சில மாதங்களுள் விபத்துக்குள்ளாகி முடங்கியது. அதனைத் திருத்த அழைக்கப்பட்ட இளைஞரே நேட் செயின்ட். ஆகவே இத்தொழிலில் அவர் முதன்முதலாகப் பிடித்தது விமானத்தின் செலுத்து தடியை அன்று. அதன் உடைந்த இறக்கையைத்தான்.

நேட் 1923 இல் பென்சில்வேனியா மாநிலத்திற் பிறந்தவர். தந்தையார் தேவாலயங்களுக்கு வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் ஆக்கிய கலைஞர். அண்ணன் ஒருவர் விமானியாதலின் ஏழு வயதிலேயே வானில் ஏறிய அநுபவம் நேட்டுக்கு வாய்த்தது. பதின்ம வயதிற் காலெலும்பைப் பற்றிய நோயொன்று அவரைப் படுக்கையிற் கிடத்திற்று. பின்னர் போர்க்காலத்தில் இராணுவ விமானப் பயிற்சிக்குத் தெரிவான வேளையில் அப்பழைய புண் மீண்டும் வீங்கியது. விமானியாகும் வாய்ப்பு கைநழுவியது. எஞ்சிய போர்க்காலத்தை விமானங்களைத் திருத்துபவராகவே கழித்தார். அன்று பேரிழப்பாகத் தோன்றிய அதுவே பின்னாளில் அவருடைய பெருஞ் செல்வமாயிற்று. நகரத்து விமானி பழுதுற்ற விமானத்தைத் திருத்துநரிடம் விட்டுச் செல்லலாம். காட்டு விமானிக்கு அடுத்த திருத்துநர் மலைகளுக்கு அப்பாலே இருப்பார். இன்றும் இத்துறையிற் புக விரும்புவோர் பெரும்பாலும் விமானமோட்டும் உரிமத்தோடு விமானந் திருத்தும் உரிமத்தையும் பெற வேண்டியிருப்பது இக்காரணம் பற்றியே.

மார்ஜரி ஒரு தாதி. போர்க்காலத்தில் ஏற்பட்ட அறிமுகம் கடிதங்களால் வளர்ந்து 1948 பெப்ரவரியிற் திருமணத்தில் முடிந்தது. அவ்வாண்டிலேயே, ஓர் ஆண்டு நிறைவுகூட வருமுன்னர், இருவரும் எக்குவடோர் சேர்ந்தனர். புதுமணத் தம்பதியர் வழக்கமாகத் தேடுவன நிலையான வருவாயும் உறவினர் அருகும் ஆகும். இவர்களோ இரண்டையும் விட்டுச் சென்றனர். இத்தகைய குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் தருகின்ற முதலாளி இல்லை. தாய்நாட்டுத் திருச்சபைகளும் நண்பர்களும் மனமுவந்து அனுப்பும் நன்கொடையே சீவனம். பிறர் கொடையில் வாழ்வதற்கு வேண்டிய பணிவைப் பழகுதலும் ஆயத்தத்தின் ஒரு கூறேயாகும்.

அவர்கள் குடியேறிய இடம் ஷெல் மேரா. அந்தீஸ் மலைத்தொடர் கிழக்கே இறங்கி அமேசன் காட்டோடு கலக்கும் விளிம்பில், பஸ்தாசா ஆற்றின் அருகே அமைந்தது அது. எண்ணெய் தேடி வந்த ஷெல் நிறுவனம் அமைத்த ஓடுபாதையே அவ்வூருக்கு வாழ்வும் பெயரும் அளித்தது. எண்ணெய்க்காக வெட்டிய பாதையில் வேதம் ஏறிச் சென்றது என்பது சிந்திக்கத்தக்க செய்தி. அங்கிருந்து கிழக்கே நோக்கினால் கண்ணுக்கெட்டிய மட்டும் காடு. மேகம் தாழ்ந்து, மழை ஓயாது பெய்யும் நாடு. உள்ளே இருந்த ஊழிய நிலையங்களுக்குச் சேறும் ஆறும் கடந்து பல நாள் நடக்க வேண்டும். விமானத்திலோ அவை நிமிடக் கணக்கில் அளக்கப்பட்டன. மருந்தும் உப்பும் மண்ணெண்ணெயும் கடிதமும் நோயாளரும் அவ்வழியே போயினர், வந்தனர். நேட் தம் கைகளாலேயே மர வீடொன்று கட்டினார். விமானிக்கு மட்டுமன்றி, காட்டுக்குப் போவோர் வருவோர் அனைவருக்கும் தங்குமிடமாக அவ்வீடு அமைந்தது.

வந்து சில மாதங்களே கழிந்த நிலையில், 1948 டிசெம்பர் இறுதியில், தலைநகர் கீற்றோவில் நேட்டின் சிறு விமானம் கீழ்நோக்கி வீசிய காற்றில் அகப்பட்டு வீழ்ந்தது. அவருடைய முதுகெலும்பு முறிந்தது. மார்ஜரி அப்பொழுது தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தார். 1949 இல் மகள் கதி பிறந்தாள். உடல் முழுதும் மாக்கட்டுப் போட்டுக் கிடந்த கணவன், பிறந்த மண் அல்லாத மண்ணிற் பிறந்த குழந்தை, ஒடிந்துபோன விமானம் என்பனவே அவ்விளங் குடும்பத்தின் முதலாண்டுச் சம்பாத்தியம். திரும்பிப் போயிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவர்கள் திரும்பவில்லை. ஊருக்குப் புறப்படுமுன் செய்தது ஆயத்தத்தின் அரிச்சுவடியே. மெய்யான ஆயத்தம் இவ்வீழ்ச்சியின் பின்னரே தொடங்கியது எனலாம்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் நேட்டின் சிந்தனை பாதுகாப்பின்பாற் சென்றது. ஒற்றை இயந்திர விமானத்தில் எரிபொருள் வழி அடைபட்டால் கீழே காடன்றி வேறு கதியில்லை. ஆதலால், வழக்கமான வழியைத் தவிர்த்து, விமானி ஒரு திறப்பைத் திருகியதும் வேறொரு சிறு கலத்திலிருந்து பெற்றோல் நேரே இயந்திரத்துக்குப் பாயும் இரண்டாவது வழியொன்றை அவர் வகுத்தார். இன்னொன்றும் கண்டார். விமானம் வானில் இடைவிடாது வட்டமிட, நீண்ட கயிற்றில் தொங்கும் வாளி, வட்டத்தின் நடுவே ஏறக்குறைய அசைவற்று நிலைகொள்ளும். தரையில் நிற்பவர் அதிலுள்ள பொருளை எடுத்துக்கொள்ளலாம். தம் பொருளை வைத்தும் அனுப்பலாம். ஓடுபாதையில்லாத இடத்துக்கும் கைநீட்டும் உபாயம் அது. பௌதிகம் கல்லாத சிறுவனும் கயிற்றிற் கல்லைக் கட்டிச் சுழற்றியிருப்பான். அவ்விளையாட்டினை உயிர்காக்கும் கருவியாக மாற்றியமையே நேட்டின் திறமை.

இவையெல்லாம் விமானியின் புகழ். ஆனால் ஷெல் மேராவின் அவ்வீட்டில் இன்னோர் இயந்திரமும் இருந்தது. அது வானொலித் தொடர்புக் கருவி. அதன் முன் அமர்ந்தவர் மார்ஜரி. விமானம் எழுந்த நேரம், எங்கே பறக்கிறது என்பது, இறங்கிய நேரம், மேகத்தின் தாழ்வு, ஒவ்வொரு நிலையத்தின் தேவை ஆகியவற்றைக் கேட்டு, குறித்து, மறுமொழி சொல்லும் பொறுப்பு அவருடையது. கணக்கு எழுதினார், காட்டிலிருப்போருக்கான பண்டங்களை வாங்கி அனுப்பினார், விருந்தினருக்குச் சமைத்தார், மூன்று பிள்ளைகளை வளர்த்தார். இவ்வளவுக்கும் இடையே ஒரு செவி எப்பொழுதும் வானொலியிற் பதிந்திருந்தது. அடுப்பிற் பால் பொங்கும்போதும் குழந்தை அழும்போதும் அச்செவி விலகவில்லை.

முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல் என்பர். தலைவன் வருமளவும் தலைவி ஆற்றியிருத்தல் அது. அதனை வெறுஞ் செயலின்மையாகக் கொள்வோர் பலர். மார்ஜரியின் இருத்தல் அவ்வாறன்று. அவர் இருந்தமையாலேயே அவர் கணவர் பறந்தார். பறந்தவர் அறிந்த வானைவிட, இருந்தவர் அறிந்த வான் சிறியதன்று. அது ஒலியால் மட்டும் அறியப்பட்ட வான்.

யாழ்ப்பாணத்தாருக்கு இச்செய்தி முற்றிலும் அந்நியமானதன்று. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது அவர்களுட் பலர் இளம் மனைவியரோடு மாதக்கணக்கிற் கடற்பயணஞ் செய்து வந்தனர். சில ஆண்டுகளின் பின் வந்த மைரன் வின்சுலோவின் பெயரை 1862 இல் வெளிவந்த பேரகராதி இன்றும் தாங்கி நிற்கின்றது. 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய அவர் மனைவி ஹரியற், 1833 இல் இம்மண்ணிலேயே மறைந்தார். கணவரின் பெயரை அறிந்தாரெல்லாம் மனைவியின் பெயரையும் அறிவாரோ என்பது ஐயமே. கப்பற் காலத்திற்கும் விமானக் காலத்திற்கும் இவ்வகையில் வேறுபாடு அதிகமில்லை.

1955 ஒக்டோபர் தொடக்கம் நேட்டும் நண்பர் நால்வரும் ஒரு புதிய முயற்சியில் இறங்கினர். வெளியாரைக் காட்டுக்குள் அண்டவிடாது ஈட்டியால் எதிர்த்து நின்ற வாவோரானி மக்களோடு உறவுகொள்வதே அவர்தம் நோக்கம். அயலவர் அம்மக்களை அவுக்கா என்றனர்; காட்டுமிராண்டி என்னும் பொருள்படும் இச்சொல்லை அம்மக்கள் தமக்குச் சூட்டிக்கொண்டதில்லை. வாளியும் கயிறும் கொண்டு கிழமைதோறும் பரிசுகள் இறக்கப்பட்டன. முதலில் இறங்கியது ஓர் அலுமினியக் கேத்தல். பின்னர் கீழிருந்தும் பரிசுகள் வந்தன. அவற்றுள் ஒரு கிளியும் இருந்தது. அது நேட்டின் மகன் ஸ்டீவின் செல்லப்பிராணியாயிற்று. 1956 சனவரி 3 ஆம் திகதி குராரை ஆற்று மணற்றிட்டில் மஞ்சள் நிறச் சிறு விமானம் இறங்கியது. 6 ஆம் திகதி வாவோரானியர் மூவர் நட்போடு வந்தனர். அவர்களுள் ஒருவர் விமானத்திலும் ஏறிப் பறந்தார்.

8 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. ஒரு குழுவினர் வருவதைக் கண்டதாக நேட் வானொலியில் மகிழ்ச்சியோடு அறிவித்தார். மாலை 4.30 க்கு மீண்டும் பேசுவதாக ஏற்பாடு. அந்நேரம் வந்தது. கருவி மௌனமாயிருந்தது. தாம் ஆண்டாண்டாகப் பயின்ற அதே வேலையை மார்ஜரி அன்றும் செய்தார், செவிகொடுத்துக் காத்திருந்தார். ஐவரும் அப்பொழுது ஈட்டிகளுக்கு இரையாகியிருந்தனர். பின்னர் கண்டெடுக்கப்பட்ட நேட்டின் கைக்கடிகாரம் 3.12 இல் நின்றிருந்தது. அவருக்கு வயது 32. மூத்த மகளுக்கு ஆறேழு வயது, ஸ்டீவுக்கு ஐந்து வயது நிறையவில்லை, இளையவன் கைக்குழந்தை. பெற்றோலுக்கு இரண்டாவது வழி அமைத்தவர் வீட்டில், தந்தைக்கு இரண்டாவது வழி இருக்கவில்லை.

இவ்விடத்திற் சில வினாக்கள் எழாமற் போகா. தாயும் தந்தையும் தமக்காகத் துணிந்தனர். பிள்ளைகளின் பொருட்டும் துணிய அவர்களுக்கு உரிமையுண்டோ? அதனினும் பெரிய வினா இன்னொன்றுண்டு. நேட் இறக்கையை அறிந்தார், காற்றை அறிந்தார், இயந்திரத்தை அறிந்தார். தாம் நாடிச் சென்ற மக்களின் மொழியிற் சில சொற்களே அந்த ஐவருக்கும் தெரிந்திருந்தன. வெளியார் என்றாலே கொலையும் கொள்ளையுமென அம்மக்கள் அஞ்சியதற்கு, இறப்பர் வணிகர் காலந்தொட்டுக் காரணமிருந்தது. தம்முள்ளும் பழிக்குப் பழி வாங்கி அவர்கள் அழிந்துகொண்டிருந்தனர். வருகின்றவன் எத்துணை ஆயத்தமாக வந்தாலும், வரவேற்கின்றவர் ஆயத்தமாயிருந்தனரா என்று கேட்டறியாத வருகை குறையுடையதே. ஐவரின் அன்பை ஐயுறுதல் அறமாகாது. அவர்தம் ஆயத்தத்தில் இருந்த இக்குறையை மறைத்தலும் அறமாகாது. வெளியுலகோடு ஏற்பட்ட தொடர்பு பழிக்கொலைகளைத் தணித்தது. அதே தொடர்பின் பின்னே நோய்களும் எண்ணெய் நிறுவனங்களும் அக்காட்டுக்குள் வந்தன என்பதும் வரலாறே.

வரலாறு அம்மணற்றிட்டோடு முடிந்துவிடவில்லை. 1958 இல் நேட்டின் தமக்கை ரேச்சலும், கொல்லப்பட்ட இன்னொருவரின் மனைவி எலிசபெத் எலியட்டும் அம்மக்களிடையே சென்று வாழ்ந்தனர். அம்மக்களுள் ஒருத்தியான தாயுமா என்ற பெண்ணிடம் மொழி கற்றும், அவள்வழி அழைப்புப் பெற்றுமே அவர்கள் சென்றனர். மார்ஜரி தொடர்ந்தும் எக்குவடோரிற் பல்லாண்டு பணியாற்றி 2004 இற் காலமானார். 1994 இல் ரேச்சல் இறந்தபோது அவரை அடக்கஞ் செய்யச் சென்ற ஸ்டீவைத் தம்மோடு வந்து வாழுமாறு வாவோரானி முதியோர் கேட்டனர். அடுத்த ஆண்டில் அவர் மனைவி மக்களோடு அங்கே குடியேறினார். தாமே எல்லாம் செய்து கொடுப்பதை விடுத்து, மருத்துவமும் விமானமும் அம்மக்கள் தம் கையாலேயே இயக்கக் கற்பதற்கு உழைத்தார். தந்தையைக் கொன்றவர்களுள் ஒருவரான மிங்காயே, ஸ்டீவின் பிள்ளைகளுக்குப் பாட்டனாக விளங்கி 2020 இல் மறைந்தார்.

மீண்டும் ஓர் இளங் குடும்பம். மீண்டும் பெட்டி கட்டுதல், விடைபெறுதல். ஆனால் வேறுபாடு ஒன்றுண்டு. முதற் குடும்பம் அழையாது சென்றது. இரண்டாவது குடும்பம் அழைக்கப்பட்டுச் சென்றது. அவ்வழைப்பைக் கேட்பதற்கும் ஒரு செவி வேண்டியிருந்தது. ஷெல் மேராவின் வானொலி முன் அமர்ந்து, பிறர் குரலுக்காகத் தம் குரலை அடக்கியிருந்த தாயிடமிருந்தே மகன் அச்செவியைப் பெற்றிருத்தல் கூடும். பறக்கப் பயில்வோர் பலர். கேட்கப் பயில்வோர் சிலரே.