அடுக்களையும் முற்றமும்

வேனில் விடுமுறை வந்தால் மாணவர் உள்ளத்தில் மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே தோன்றுகின்றன. தேர்வு முடிந்ததே என்பது மகிழ்ச்சி; நீண்டு கிடக்கும் நாட்களை எவ்வாறு கழிப்பது என்பது கவலை. சிலர் உறங்கிக் கழிக்கின்றனர். சிலர் கைப்பேசியைப் பார்த்துக் கழிக்கின்றனர். இன்னும் சிலர் அடுத்த ஆண்டுப் பாடநூலை இப்போதே படித்து முடிப்பதாகச் சூளுரைத்து, முதல் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்கின்றனர். இம்மூவகையினருக்கும் நான்காவது வழி ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன். வீட்டின் அடுக்களைக்குள் செல்லுங்கள். அங்கே வேலை முடிந்ததும் முற்றத்தில் வந்து அமருங்கள். சமைப்பதற்கும் முடைவதற்கும் பெரும்பொருள் வேண்டா. கையும் கண்ணும் சற்றே பொறுமையும் இருந்தால் போதும்.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே உள்ள சிற்றூர்களுள் ஒன்று. பாறசாலையைக் கடந்து தெற்கே சற்றுத் தொலைவு சென்றால் களியக்காவிளை; அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலப்படத்தில் விழுந்தது. எங்கள் அடுக்களையில் விழவில்லை. அக்கா ஒரு மாநிலத்திலும் தங்கை மற்றொரு மாநிலத்திலும் வாழ்க்கைப்பட்டனர். இருவரும் வைக்கும் மீன் குழம்பு ஒன்றாகவே இருந்தது. தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. கேரளத்தின் மாநில மரம் தென்னை. எங்கள் விளைகளில் இரண்டும் நிற்கின்றன. பலாவோ தமிழ்நாட்டின் மாநிலக் கனி. 2018இல் கேரளமும் அதையே தன் கனியாக அறிவித்தது. ஆட்சியாளர் கூடிப் பேசாமலே ஒன்றுபட்ட செய்தி இதுவாகத்தான் இருக்கும்!

முதலில் தண்ணீரைச் சொல்கின்றேன். வேனிலில் தண்ணீரைவிடச் சுவையான உணவு ஏது? மண்பானையின் உடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும் என்று நாம் பௌதிக வகுப்பில் படித்தோம். அதைப் படிக்காத என் பாட்டி, பானையை ஈர மணலின்மேல் காற்றோட்டமான திண்ணையில் வைத்து, ஒரு பிடி வெட்டிவேரையும் உள்ளே இடுவார். நைசீரியாவில் முகம்மது பா அப்பா என்னும் ஆசிரியர் பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியில் ஈர மணலை நிரப்பி, ஈரத்துணியால் மூடிக் காய்கறிகளை வாடாமல் காத்தார். அதற்காக அவருக்கு 2000ஆம் ஆண்டில் ரோலக்ஸ் விருது கிடைத்தது. இதை எவரும் ஒரு காலைப்பொழுதில் செய்துவிடலாம். ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும். நைசீரியாவின் வடபகுதியில் காற்று உலர்ந்தது. நம் கடற்கரைக் காற்றோ ஈரம் மிகுந்தது. ஈரக்காற்றில் நீர் மெல்லவே ஆவியாகும். ஆகவே இங்கே குளிர்ச்சி சற்றுக் குறைவாகவே கிட்டும். கீரையும் பச்சை மிளகாயும் ஒரு நாள் கூடுதலாக வாடாதிருந்தால் அதுவும் ஊதியமே.

அடுத்தது பழங்கஞ்சி. இதனினும் எளிய சமையலை நான் அறியேன். இரவில் எஞ்சிய சோற்றை மண்சட்டியில் இட்டு, சோறு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மூடிவைக்க வேண்டும். நாம் உறங்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் விழித்திருந்து வேலை செய்து, இளம்புளிப்பை உண்டாக்கிவிடும். காலையில் உப்பும் மோரும் சேர்த்து, நாலு சின்ன உள்ளியையும் இரண்டு காந்தாரி மிளகையும் நசுக்கிப் போட்டால் உணவு முடிந்தது. அடுப்பு மூட்டத் தேவையில்லை, புகையில்லை, வியர்வையில்லை. வேனிற்காலத்துக்கென்றே அறிவு கண்டுபிடித்த உணவு என்று இதைச் சொல்லலாம்.

காந்தாரி மிளகு என்றேன். வெளியூர் நண்பர்கள் இங்கே மயங்குவது உண்டு. எங்கள் பக்கத்தில் மிளகு என்றால் மிளகாய். குழம்பில் இடும் கரிய மணிக்கு நல்ல மிளகு என்று பெயர். காரணம் வரலாற்றில் இருக்கின்றது. மிளகாய் அமெரிக்காவில் பிறந்து போர்ச்சுகீசியர் வழியாக இந்நாட்டுக்கு வந்த பயிர். வந்த விருந்தாளி வீட்டுக்காரனின் பெயரையே எடுத்துக்கொண்டான். பழைய மிளகோ, தன்னை வேறுபடுத்திக் காட்ட நல்ல என்னும் அடைமொழியைத் தேடிக்கொண்டது. ஒரு சொல்லில் ஒரு கடற்பயணமே அடங்கிக் கிடக்கின்றதன்றோ?

மரச்சீனிக்கிழங்கின் கதையும் இத்தகையதே. தென்னமெரிக்காவில் தோன்றிய அக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராசா. 1942இல் பர்மாவைச் சப்பான் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அந்தப் பஞ்ச நாட்களில் திருவிதாங்கூரின் ஏழை எளியவரைத் தாங்கியது மரச்சீனியே. பாட்டி அதைக் கையில் எடுக்கும்போது தனி மரியாதையோடு எடுப்பது இதனால்தான் போலும். சமைப்பது எளிது, ஆனால் விதி ஒன்று உண்டு. கிழங்கில் சயனைடு நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள் இருக்கின்றது. கசக்கும் வகைகளில் அது மிகுதி. ஆகவே தோலை முழுதும் நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். பிறகு உப்பு, தேங்காய், சீரகம், பூண்டு, காந்தாரி ஆகியவற்றை ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்துக் கிளறலாம். மத்திச்சாளைக் குழம்பும் உடன் இருந்தால் அன்று விருந்து.

பலாவை நாங்கள் சக்கை என்போம். அதில் வீணாவது எதுவும் இல்லை. சுளையைத் தின்னலாம், காயாக இருந்தால் அவிக்கலாம், கொட்டையை மாங்காயோடு சேர்த்துக் குழம்பு வைக்கலாம். மிஞ்சிய கொட்டைகளைச் செம்மண் குழம்பில் புரட்டி உலர்த்தி, நிழலில் வைத்துவிட்டால் மழைக்காலம் வரை கெடாது. வேனிலில் கிடைப்பதை அடைமழைக்கு எடுத்துவைப்பதே எங்கள் வீட்டுப் பொருளாதாரம். மாவடுவை உப்புநீரில் இட்டுப் பரணியில் கட்டிவைப்பதும் அவ்வாறே. மாங்காய் முழுதும் உப்புநீருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும் என்பதே அதில் கருத்து. மேலே மிதப்பது பூஞ்சை பிடிக்கும்.

பனையிலிருந்து இறக்கும் பதநீரை நாங்கள் அக்கானி என்போம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பாளையிலிருந்து வடியும் நீர் புளிக்காது; தடவாவிட்டால் கள்ளாகிவிடும். குடிக்கும் நீருக்கும் வெறிக்கும் நீருக்கும் நடுவே நிற்பது ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு! விடியற்காலையில் இறக்கிய அக்கானியில் மாங்காயைக் கீறிப் போட்டுக் குடித்தவர் வேறு குளிர்பானத்தைத் தேடமாட்டார். அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. அக்கானி கிடைக்காத ஊரிலும் கருப்பட்டி கிடைக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து, மண்ணும் தூசும் போக வடிகட்டி, தட்டிய சுக்கும் ஏலமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் பானகம். ஐந்து நிமிட வேலை.

இனி முற்றத்துக்கு வருவோம். கருப்பட்டிக்கு அச்சாகும் சிரட்டையே அகப்பையும் ஆகும். தேங்காயை உடைத்தபின் கண்ணில்லாத பாதியை எடுத்துக்கொள்க. வெளிப்புற நாரைச் சுரண்டி, உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். விளிம்பிற்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரண்டு துளைகள் இட்டு, கமுகு வாரியையோ மூங்கிலையோ சீவி இரண்டிலும் நுழைக்க வேண்டும். துளை காம்பைவிட ஒரு நூல் சிறியதாக இருப்பது நல்லது. நனைந்ததும் காம்பு பருத்து இறுகிக்கொள்ளும், ஆணியே வேண்டா. இறுதியில் தேங்காயெண்ணெய் பூசி ஒரு நாள் வைத்தால் கரிய பளபளப்பு வந்துவிடும்.

விசிறி இன்னும் எளிது. கமுகிலிருந்து தானாக விழும் பாளையை நனைத்து, விரித்து, கல்லைப் பாரமாக ஏற்றி உலர்த்தினால் சுருளாமல் பலகைபோல் நிற்கும். கத்தரியால் வேண்டிய வடிவில் வெட்டிக்கொள்ளலாம். மின்சாரம் நின்ற இரவில் இதன் அருமை தெரியும். தென்னோலையின் இலக்கைக் கிழித்து ஈர்க்கில்களைச் சேர்த்துக் கட்டினால் வாரியல். ஓலையை நடுத்தண்டோடு இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறவைத்து, இலக்குகளை ஒன்றுவிட்டு ஒன்று கோத்து முடைந்தால் கோழிக்கூட்டுக்கும் குளிமறைக்கும் கூரை.

கடினமானது பனையோலைப் பெட்டி. குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அடிப்பகுதியைப் பின்னுவது எவர்க்கும் வரும். மூலையைத் திருப்பிச் சுவரை எழுப்பும் இடத்தில்தான் கை தடுமாறும். அப்போது பாட்டி சொல்வார்: "மக்களே, ஓலைகிட்ட மல்லுக்கு நிக்காதே. அது போற போக்கிலே மடக்கு." பாட்டிக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. எங்கள் தெருவில் அந்த மூலையைத் திருப்பத் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவரே. பனையேறுவோரும் எங்கள் ஊர்ப்பக்கம் அருகிவிட்டனர். குருத்தோலை வெட்டித் தரவே ஆளில்லை. கடையில் நெகிழிப் பெட்டி மலிவாகக் கிடைக்கின்றது. அதற்காகக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டி போகும்போது தனியே போவதில்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

நான் மலையாளப் பள்ளியில் படித்தேன். தமிழ் எனக்கு அடுக்களையிலும் முற்றத்திலும் கிடைத்த மொழி. "மக்களே, வெள்ளம் கோரு" என்று பாட்டி சொல்ல, கிணற்றில் நீர் இறைத்துக் கற்ற மொழி. பள்ளியில் அதைப் பாண்டிப் பேச்சு என்று சிரித்தார்கள். விடுதிக்கு வந்து "வெள்ளம் குடித்தேன்" என்றபோது, "வெள்ளத்தையா குடித்தாய்? ஊர் தப்பியதே!" என்று தமிழ்நாட்டு நண்பர்கள் சிரித்தார்கள். அங்கே தமிழென்று சிரிப்பு. இங்கே மலையாளமென்று சிரிப்பு. எல்லையோரத்துப் பிள்ளைகள் பலர் இவ்விரு சிரிப்புக்கும் நடுவே வாய்மூடிப் போகின்றனர். வீட்டுச் சொல்லை வெளியில் சொல்ல நாணுகின்றவன், சில ஆண்டுகளில் வீட்டிலும் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றான்.

இந்த நாணத்துக்கு மருந்து தொல்காப்பியத்தில் கிடைத்தது. மரபியலில் ஆசிரியர் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கின்றார். புறத்தே வயிரம் உடையவை புல். அகத்தே வயிரம் உடையவை மரம். அவ்வாறு பார்த்தால் பனையும் தென்னையும் கமுகும் புல்லினத்தைச் சேரும். இன்றைய நிலைத்திணையியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே பெரும்பிரிவில் வைக்கின்றது. புல்லினத்தின் உறுப்புகளுக்கு அவர் தரும் பெயர்களுள் மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை ஆகியவை உள்ளன. வகுப்பில் அப்பட்டியலைக் கேட்டபோது எனக்கு உரை தேவைப்படவில்லை. எங்கள் முற்றத்தைப் பெருக்கும் வாரியலில் ஈர்க்கு இருக்கின்றது. பாட்டியின் விசிறியில் பாளை இருக்கின்றது. எழுத்தறியாத அவர் மடியில் தொல்காப்பியச் சொற்கள் ஓலை நறுக்குகளோடு சிதறிக் கிடக்கின்றன. அவை தமிழா, மலையாளமா என்று வினவுவோர்க்கு ஒன்றே விடை: இரு மொழியும் பிரிவதற்கு முன்னிருந்தே அவை இங்கே இருக்கின்றன.

ஆனால் ஈர்க்கிலைத் தொடாத கை, ஈர்க்கு என்னும் சொல்லையும் நெடுநாள் காக்காது. ஓலை முடைபவர் இல்லாத ஊரில் முடைதல் என்னும் வினை நூலுக்குள் ஒதுங்கிவிடும். நூலில் இருப்பதை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவோம். செய்து கற்றது மறப்பதில்லை.

ஆதலின் நண்பர்களே, இந்த விடுமுறையில் பெரிய காரியம் எதுவும் செய்ய வேண்டா. ஒரு நாள் பழங்கஞ்சி வையுங்கள். ஒரு சிரட்டையைச் சுரண்டுங்கள். பக்கத்தில் இருக்கும் முதியவரிடம் அந்தப் பொருளுக்கும் அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் அந்த வேலைக்கும் என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாறசாலைப் பெயர், மதுரைப் பெயர், கோவைப் பெயர், பாலக்காட்டுப் பெயர் எல்லாம் வரட்டும். கல்லூரி திறந்ததும் நம் மன்றத்தின் முதற்கூட்டத்தில் ஒவ்வொருவரும் கையால் செய்த ஒரு பொருளையும் ஊரிலிருந்து கொணர்ந்த ஒரு சொல்லையும் மேசைமேல் வைப்போம். நான் பனையோலைப் பெட்டி ஒன்று கொண்டுவர எண்ணியிருக்கின்றேன். மூலை சற்றுக் கோணலாகத்தான் இருக்கும். அதனுள் காந்தாரி மிளகு இருக்கும். அன்று யாரும் யார் சொல்லையும் கேட்டுச் சிரிக்க வேண்டா. மிளகைக் கடித்துப் பார்த்தால் போதும்.